திரை மஞ்சளாகிறது, காலையில் இருட்டாகிறது: மானிட்டரைத் தூக்கிப் போடுவதா?

தட்டச்சுக்கடை
செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, பத்திர நகல், பயோடேட்டா, முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கம்ப்யூட்டரை ஓட்டத் தெரியும், கழற்றத் தெரியாது.

மானிட்டர் 18.5 இன்ச் எல்சிடி. 2010இல் கடை திறந்தபோது வாங்கியது. பின்னால் கரண்ட் வயர் ஒன்று, இரண்டு பக்கமும் திருகு போட்டு மாட்டுகிற நீலத் தலை விஜிஏ கேபிள் ஒன்று, அவ்வளவுதான். ஹெச்டிஎம்ஐ எல்லாம் அதில் கிடையாது.

முதல் தொல்லை மூன்று மாதமாக இருக்கிறது. காலையில் கடை திறந்து ஸ்விட்சைப் போட்டால் படம் வருகிறது, ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குள் இருட்டாகிவிடுகிறது. பச்சை லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு, ஐந்தாறு தடவை செய்தால் நின்றுவிடும். அப்புறம் சாயங்காலம் கடை அடைக்கும் வரை பிரச்சினை இல்லை. முதலில் இரண்டு தடவை போட்டாலே போதும் என்று இருந்தது, இப்போது ஆறு தடவை. சாமி கும்பிட்டுவிட்டு இதையும் கும்பிட்டு எழுப்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஆடித்தபசு முடிந்த வாரத்தில் தொடங்கியது. திடீரென்று திரை முழுக்க மஞ்சள். இதை நான் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகைக்கு வந்து, மஞ்சள் பின்னணி வேண்டும் என்றார்கள். திரையில் பார்த்தேன், ஏற்கெனவே மஞ்சளாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். பிரிண்ட் எடுத்தால் வெள்ளை! கறுப்பு என்று நினைத்து நான் வைத்திருந்த எழுத்துகள் பளீரென்று நீலத்தில் வந்திருக்கின்றன. "திரையில ஒண்ணு காட்டி, தாள்ல ஒண்ணு குடுக்கிறீங்களே" என்று மாமா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். வாங்கலாம்தான். ஆனால் எதனால் என்று தெரியாமல் வாங்க மனசு வரவில்லை. கோளாறு சிபியூவில் இருந்து, புது மானிட்டரும் மஞ்சளாகவே வந்தால் யாரைக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ரிச்சி தெரு நடைபயணி
செவ்வாய், இரவு 10.15

அக்கா, விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் நைட் லைட் என்று ஒன்று இருக்கும். கண் கூசாமல் இருக்க ராத்திரியில் திரையை மஞ்சளாக்குகிற வசதி. யாராவது தெரியாமல் ஆன் செய்திருப்பார்கள். அதைப் பாருங்கள். இல்லையென்றால் டிஸ்பிளே டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு ஃபார்மட்.

காலையில் இருட்டாவதற்கு மட்டும் புது மானிட்டர்தான் வழி. 2010 மாடலுக்குச் செலவு செய்வது கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவுகிற கதை.


தட்டச்சுக்கடை
செவ்வாய், இரவு 10.32

பார்த்துவிட்டேன் தம்பி, நைட் லைட் அணைந்துதான் இருக்கிறது. இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. மஞ்சள் எப்போதும் இருப்பதில்லை. மேசையை நகர்த்தினால் ஒரு நிமிடம் சரியாகிறது, அப்புறம் திரும்ப மஞ்சள். ஃபார்மட் செய்ய எனக்குப் பயம். பத்து வருஷ பத்திர மாதிரிகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன.


ஈயப்புகை
புதன், காலை 6.05

தங்கச்சி, ஃபார்மட் பக்கமே போகாதீர்கள். மேசையை நகர்த்தினால் நிறம் மாறுகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. டிரைவருக்கு மேசை நகர்வது எப்படித் தெரியும்?

நான் மதுரையில் முப்பது வருஷம் டிவி மெக்கானிக். பிக்சர் ட்யூப் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். இப்போது கண் மங்கிவிட்டதால் சால்டரிங்கை விட்டுவிட்டு இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு. சர்வீஸ் கடைக்காரர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பேனல்' என்று பெயர் வைத்துவிட்டார். பேனலில் எனக்குச் சந்தேகம் இல்லை. பேனல் போனால் கோடு விழும், மை கொட்டியது போலக் கறை படரும், ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும். திரை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி, மேசையைத் தட்டினால் சரியாகாது.

முதலில் மஞ்சளைப் பார்ப்போம். விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் வருகின்றன. தலையில் மூன்று வரிசையாக 15 பின்னுக்கு இடம். மேல் வரிசையில் முதல் பின் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். வெள்ளை என்பது மூன்றும் சேர்ந்தது. நீலம் வராவிட்டால் சிவப்பும் பச்சையும் மிஞ்சும். அந்த இரண்டும் சேர்ந்தால் மஞ்சள். நீல எழுத்துக்கு நீலம் மட்டும்தான் ஆதாரம், அதுவும் வராததால் கறுப்பாகத் தெரியும். உங்கள் பத்திரிகைக் கதை மொத்தமும் இதுதான். நிஜ மஞ்சளும் வெள்ளையும் திரையில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் நீங்களும் ஏமாந்தீர்கள், தாய்மாமாவும் ஏமாந்தார்.

இதை உறுதி செய்ய ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். மஞ்சளாக இருக்கும்போது மானிட்டரிலேயே இருக்கிற மெனு பட்டனை அமுக்குங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று ஒரு பெட்டி வரும் அல்லவா? அதை சிபியூ அனுப்புவதில்லை, மானிட்டர் தானே வரைகிறது. அந்தப் பெட்டியில் வெள்ளை வெள்ளையாகவும் நீலம் நீலமாகவும் இருந்தால் மானிட்டர் நல்ல பிள்ளை, குற்றவாளி கேபிளிலோ சிபியூ பக்கத்திலோ இருக்கிறான். பெட்டியும் மஞ்சள் என்றால் மானிட்டருக்குள் தேட வேண்டும்.

அப்புறம் பெயிண்டைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நான்கு கட்டம் போடுங்கள். நீலம் மட்டும் கறுத்தால் மூன்றாவது பின் அல்லது அதன் வயர். இதே நோயில் பச்சை போனவர்களுக்கு வெள்ளை ரோஸாகத் தெரியும், சிவப்பு போனவர்களுக்கு வெளிர்நீலமாகத் தெரியும்.

கேபிளைக் கழற்றும்போது பின்களைப் பாருங்கள். ஏதாவது வளைந்தோ உள்ளே போயோ இருக்கலாம். நடு வரிசையில் ஒரு பின் இல்லையே என்று பதறாதீர்கள். ஒன்பதாவது பின் பல கேபிள்களில் கம்பெனியிலிருந்தே வருவதில்லை. அதைக் காட்டி "பின் ஒடஞ்சு போச்சு" என்று காசு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி காலை இருட்டு. இதற்கு ஒரு டார்ச் போதும். படம் மறைந்து பச்சை லைட் மட்டும் எரியும்போது கடை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான், எழுத்து ஏதாவது தெரிகிறதா? இரண்டு சோதனையையும் செய்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன் யார் சொன்னாலும் ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள்.


தட்டச்சுக்கடை
புதன், இரவு 8.50

அண்ணே, காலையில் பேருந்தில் வரும்போதே படித்துவிட்டேன். கடையைத் திறந்து பெருக்கக்கூட இல்லை, முதல் வேலை டார்ச்தான்.

தெரிகிறது! இருட்டில் என் டெஸ்க்டாப் அப்படியே இருக்கிறது, மூடிய தியேட்டருக்குள் படம் ஓடுவது போல. பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் "பேய்க்கா" என்றான்.

மெனு பெட்டி சரியான நிறத்தில் வருகிறது. பின்னால் திரை மஞ்சள், மேலே பெட்டி மட்டும் வெள்ளையும் நீலமுமாக. பெயிண்டில் நீங்கள் சொன்னபடியே நீலக் கட்டம் கறுப்பு, வெள்ளைக் கட்டம் மஞ்சள். சிவப்பும் பச்சையும் ஒழுங்காக இருக்கின்றன.

ஜெராக்ஸ் கடையிலிருந்து அவர்களுடைய விஜிஏ கேபிளை ஐந்து நிமிடக் கடனாக வாங்கி மாட்டினேன். மஞ்சள் போச்சு. மேசையைத் தட்டினேன், ஆட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. என் கேபிளை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தால், ஸ்டாம்ப் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் சுவரோரமாகக் கிடந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்து செம்புக் கம்பி தெரிகிறது. எலி. பக்கத்து டீக்கடை வடை பேப்பர் ஒன்றும் அங்கேயே கிடந்தது.

இதில் இன்னொரு அதிசயம். இரண்டு வாரமாக எழுத்தெல்லாம் தடித்து, அகலமாகி, கலங்கலாகத் தெரிந்தது. வட்டமாகப் போட்ட முத்திரை முட்டை மாதிரி இருந்தது. வயசு நாற்பத்தாறு ஆயிற்றே, கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று திருநெல்வேலிக்குக் கண் காட்டப் போவதாக வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன். கடன் கேபிளைப் போட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்ததும் எழுத்து ஊசிபோல் ஆகிவிட்டது. என் கண்ணையும் எலிதான் கடித்திருக்கிறது. இது எப்படி அண்ணே?


ஈயப்புகை
வியாழன், காலை 5.50

ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்! அந்தக் கேபிளில் நிறத்தைத் தவிர இன்னொரு பேச்சும் நடக்கிறது. 12, 15ஆம் பின்கள் வழியாக மானிட்டர் தன்னைப் பற்றி சிபியூவிடம் சொல்லும்: நான் இன்ன மாடல், எனக்கு 1366க்கு 768 புள்ளி என்று. அந்த வயரையும் எலி கடித்திருந்தால் விண்டோஸுக்கு எதிரில் இருப்பது யாரென்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று 1024க்கு 768 போல ஏதாவது பொது அளவில் அனுப்பும். நீளவாக்குத் திரையில் அதை இழுத்துப் பரப்பினால் எழுத்து அகலும், வட்டம் முட்டையாகும். எல்சிடிக்கு அதன் சொந்த அளவைத் தவிர வேறெதைக் கொடுத்தாலும் கலங்கலாகத்தான் காட்டும். பழைய பிக்சர் ட்யூப் மானிட்டருக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது.

புது கேபிள் வாங்கும்போது கொஞ்சம் தடிமனாக, இரண்டு முனையிலும் உருளை போல ஒரு குமிழ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பக்கத் திருகையும் கையாலேயே முடுக்குங்கள். பாதிப் பேர் திருகைப் போடுவதே இல்லை.

டார்ச் சோதனைக்கு வருவோம். படம் உள்ளே இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம்தான் வரவில்லை. ஆக பேனல் நலம், உள்ளே இருக்கிற மெயின் போர்டும் நலம். 2010இன் மானிட்டர்களில் பின் வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் பென்சிலைவிட மெல்லிய ட்யூப் லைட்டுகள்தான் இருக்கும். அதைப் பற்றவைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதை உண்டாக்குகிற பகுதிக்கு இன்வெர்ட்டர் என்று பெயர், வீட்டுக்கு வைக்கிற இன்வெர்ட்டர் இல்லை. ட்யூப் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் ஒன்றிரண்டு நொடியில் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நீங்கள் எண்ணுகிற ஒன்று, இரண்டு அதுதான்.

ஏன் காலையில் மட்டும்? இன்வெர்ட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற கெப்பாசிட்டர்கள், அதாவது கரண்டைத் தேக்கி வைத்துச் சீராகக் கொடுக்கிற குட்டி உருளைகள், காய்ந்துபோயிருக்கின்றன. உள்ளே இருக்கிற ஈரம் வருஷக்கணக்கில் சூட்டிலேயே வற்றிவிடும். குளிர்ந்திருக்கும்போது அவற்றால் அடக்க முடியாமல் வோல்டேஜ் துள்ளும், ஐந்தாறு தடவை போட்டு அணைத்ததில் கொஞ்சம் சூடேறியதும் சமாளித்துக்கொள்ளும். இரண்டு தடவை ஆறு தடவையானதும் அதனால்தான். நாளைக்குப் பத்தாகும், ஒரு நாள் எழும்பவே எழும்பாது.

ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். படம் வருகிற அந்த இரண்டு நொடியில் திரை சிவந்து, ரோஸ் சாயலில் இருக்கிறதா? அப்படியென்றால் ட்யூபே கிழடாகிவிட்டது. அப்போது ரிச்சி தெருத் தம்பி சொன்னதுதான் சரி, புதுசு வாங்குங்கள். வெள்ளையாக வருகிறது என்றால் கெப்பாசிட்டர்தான்.

நீங்கள் திறக்க வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். பவர் போர்டில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். 230 வோல்ட் அதற்குள் போனால் 325 வோல்ட் டிசியாக நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பிக்சர் ட்யூபில் இருபதாயிரம் வோல்ட்டோடு பழகியவன் நான், என்னையே ஒரு தடவை இந்தச் சின்னப் பையன் சுவரில் சாய்த்திருக்கிறான். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து காட்டுகிற வீடியோக்களை நம்பாதீர்கள், முனையே உருகிப் பறக்கும்.

ஊரில் பழைய ரேடியோ, டிவி மெக்கானிக் யாராவது இருப்பார். அவரிடம் 'மானிட்டர் ரிப்பேர்' என்று சொல்லாதீர்கள். 'பேக்லைட் இரண்டு செகண்டில் கட் ஆகிறது, டார்ச் அடித்தால் படம் தெரிகிறது, பவர் போர்டில் செகண்டரி பக்கத்து கெப்பாசிட்டர்களைப் பாருங்கள்' என்று சொல்லுங்கள். தலை உப்பியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்பாமலும் கெட்டிருக்கும், அதனால் அந்தப் பக்கத்தில் இருப்பதை எல்லாம் மாற்றச் சொல்லுங்கள். மைக்ரோஃபாரட், அதாவது எவ்வளவு தேக்கும் என்கிற அளவு, அதேதான் போட வேண்டும். வோல்ட் அதே அல்லது ஒரு படி கூட இருக்கலாம், குறையவே கூடாது. சூடு தாங்குகிற அளவு 105 டிகிரி என்று போட்டிருக்க வேண்டும், 85 வேண்டாம்.


பி.காம் மூன்றாமாண்டு
வியாழன், மதியம் 1.20

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். என் மானிட்டரில் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு பச்சைக் கோடு. இதுவும் கேபிளா சார்?


ஈயப்புகை
வியாழன், மதியம் 2.45

ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கம்ப்யூட்டர் தப்பு, இல்லையென்றால் வெளியே. அப்புறம் கேபிளைக் கழற்றுங்கள், 'நோ சிக்னல்' என்று வரும்போதும் கோடு நின்றால் பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கிற பிலிம் விட்டிருக்கிறது. முடி போன்ற தொடர்புகள் அவை, சால்டரிங்குக்கு மசியாது. ஓரத்தை அமுக்கினால் கோடு மறையும், அமுக்கி அமுக்கி இன்னும் நான்கு கோடு வரவழைக்காதீர்கள். ஒரு கோட்டோடு படிப்பை முடித்துவிடலாம்.


ரிச்சி தெரு நடைபயணி
வியாழன், இரவு 9.05

ஈயப்புகை ஐயா, ஃபார்மட் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அக்கா, சும்மா சொல்லவில்லை, எல்இடி மானிட்டர் கரண்ட் குறைவாகக் குடிக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


தட்டச்சுக்கடை
அடுத்த திங்கள், இரவு 9.15

முடிந்தது அண்ணே. வெள்ளையாகத்தான் வந்தது, ரோஸ் இல்லை. அதனால் துணிந்து எடுத்துப் போனேன். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு ரேடியோக்கார ஐயா இருக்கிறார். நீங்கள் எழுதியதைத் தாளில் டைப் அடித்து எடுத்துப் போய் அப்படியே வாசித்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்களே மெக்கானிக் மாதிரி பேசுறீங்களே" என்றார்.

சட்டத்தில் இருக்கிற கிளிப்பை விடுவிக்க, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றைச் சந்தில் விட்டு ஓரமாக இழுத்துக்கொண்டே போனார். டக் டக் என்று அது விடும்போதெல்லாம் என் வயிற்றில் புளி. உள்ளே ஐந்து கெப்பாசிட்டரில் இரண்டு நன்றாகவே தலை உப்பி, ஒன்றின் மேல் பழுப்பாகக் கசிந்திருந்தது. பெரியதை ஒரு குண்டு பல்பு ஹோல்டரில் தொட்டு முதலில் இறக்கினார், பல்பு ஒரு கணம் மினுக்கிவிட்டு அணைந்தது. ஐந்தையும் மாற்றினார். பொருள் 60 ரூபாய், கூலி 250. புது கேபிள் 180.

சனி, ஞாயிறு, இன்று என்று மூன்று காலை ஆயிற்று. ஒரே தடவையில் எரிகிறது. பழக்கத்தில் கை இரண்டாவது தடவை ஸ்விட்சுக்குப் போய்விட்டுத் திரும்புகிறது.

தம்பி, நீங்கள் சொன்ன எல்இடியும் வாங்கத்தான் போகிறேன். ஆவணி முகூர்த்தப் பணம் கைக்கு வரட்டும்.

தாய்மாமாவுக்கு நூறு பத்திரிகையை மஞ்சளில் மறுபடி அடித்துக் கொடுத்தேன், தாள் செலவு என்னுடையது. கேபிளைச் சுவரில் ஆணி அடித்து மேலே தூக்கிக் கட்டிவிட்டேன். டீக்கடைக்காரரிடம் வடை பேப்பரைப் பற்றிச் சொல்லப் போனால், எலி என் கடையிலிருந்துதான் அவர் கடைக்கு வருகிறது என்று சண்டைக்கு வருகிறார்.